முதற் பக்கத்தில் சொற்களைச் சுழல விடுவது

டெல்டா பக்கத்து வட்டாரச் சொற்களைச் சேர்த்து வைக்க நாங்கள் சிலபேர் ஒரு சின்ன விக்கி நடத்துகிறோம். மீடியாவிக்கியில் ஓடுவது. விக்கிப்பீடியாவுக்குப் பின்னால் இருக்கும் அதே மென்பொருள்தான். இலவசம், யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். நாற்றங்கால், பரம்பு, மடை, பதர், கருக்காய் என்று வயலையும் களத்தையும் சுற்றிய சொற்கள்தான் அதிகம். அடுத்தபடியாக அடுப்படிச் சொற்கள். எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள், மீதிப்பேர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வயதுக்காரர்கள்.

முதற் பக்கத்தில் ஒரு பெட்டி வேண்டும், அதில் சொல்லும் பொருளும் மாறி மாறி வரவேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையின் மூலையில் தினம் ஒரு பழமொழி எழுதிப் போடுவார்களே, அது மாதிரி. அதைச் செய்து வைத்த பிறகு, வேறு விக்கி நடத்துகிற நண்பர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள்: "அந்த அனிமேஷன் கோடு மட்டும் அனுப்பு." கோடு என்னவோ இருபது வரிதான். அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் நாளைக்கு அதை யார் திருத்த முடியும் என்பது இருக்கிறது. எவ்வளவு வேகமாக ஓடவிடுகிறோம் என்பதில் யாரால் அதைப் படிக்க முடியும் என்பது இருக்கிறது. இந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இடம்.

விக்கிப் பக்கத்துக்குள்ளேயே, பக்கத்தின் துண்டுகளைக் குறிக்கும் டிவ், ஸ்பான் குறிகளில் ஸ்டைல் என்ற பண்பை எழுதிவிடலாம். நிறம், ஓரம், பின்னணி எல்லாம் இப்படியே வந்துவிடும். பழைய விக்கிப் பக்கங்களைத் தொகுக்கத் திறந்தால் ஒரு வரி உள்ளடக்கத்துக்கு நான்கு வரி ஸ்டைல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இதில் அசைவு வராது. அசைவு எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கும் என்று சொல்லக் கீஃப்ரேம்ஸ் என்ற தனி விதி வேண்டும். திரை சின்னதா பெரியதா என்று பார்க்க மீடியா விதி வேண்டும். சுட்டியை மேலே கொண்டுபோனால் நிற்க ஹோவர் வேண்டும். இவை எதையும் ஒரு குறிக்குள்ளே திணிக்க முடியாது. தனி ஸ்டைல்ஷீட், அதாவது தோற்ற விதிகளை மட்டும் சிஎஸ்எஸ் என்ற மொழியில் எழுதி வைக்கும் பக்கம், இருந்தாக வேண்டும்.

அடுத்தது, மீடியாவிக்கி என்ற பெயர்வெளியில் (பக்கங்களை வகைபிரித்து வைக்கும் அறை மாதிரி) இருக்கும் காமன்.சிஎஸ்எஸ் பக்கம். இங்கே எழுதுவது தளத்தின் எல்லாப் பக்கங்களுக்கும், எந்தத் தோற்றத்தை (ஸ்கின்) வைத்திருக்கிற பயனருக்கும் போய்ச் சேரும். ஒரு தோற்றத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் வெக்டர்.சிஎஸ்எஸ் மாதிரி அதன் பெயரிலேயே பக்கம் உண்டு. உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் உங்கள் பயனர் பக்கத்துக்குக் கீழே ஒரு காமன்.சிஎஸ்எஸ் வைத்துக்கொள்ளலாம். ஒத்திகை பார்க்க இந்தக் கடைசி இடம் ரொம்ப வசதி: நீங்கள் குழப்பினாலும் மற்றவர்களுக்குத் தெரியாது.

தளம் முழுக்கப் போகிற அந்தப் பக்கத்தை முன்பெல்லாம் எந்த நிர்வாகியும் திருத்தலாம். 2018 ஆகஸ்டில் இடைமுக நிர்வாகி என்ற தனிப் பொறுப்பு வந்தது. அதிலிருந்து அந்த உரிமை உள்ளவர்கள்தான் தொட முடியும். காரணம் நியாயமானதுதான். ஒரு நிர்வாகியின் கடவுச்சொல் களவு போனால், அருகிலேயே இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பக்கத்தில் எதையாவது எழுதி, தளத்துக்கு வரும் எல்லாருடைய உலாவியிலும் ஓட்டிவிடலாம். அந்தக் கதவைச் சிலரிடம் மட்டும் விட்டுவைப்பது நல்லது. உள்நுழையும் பக்கத்திலும் விருப்பத்தேர்வுகள் பக்கத்திலும் தளத்தின் சொந்த ஸ்டைல்ஷீட் ஏறாதபடி மீடியாவிக்கி வைத்திருப்பதும் இதே ஜாக்கிரதையால்தான்.

ஆனால் எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு இது எப்படி வந்து முடிகிறது? பெட்டியில் பின்னணி நிறத்தை மாற்ற வேண்டும் என்றால்கூட அந்த ஒரு ஆளைத் தேட வேண்டும். எங்கள் விக்கியில் அந்த ஒரு ஆள் நான். நான் வெளியூர் போயிருந்தால், காய்ச்சலில் படுத்திருந்தால், இல்லை சும்மா சோம்பலாக இருந்தால், பெட்டி அப்படியே நிற்கும். எல்லாரும் எழுதலாம் என்றுதானே விக்கி ஆரம்பித்தோம்? அப்புறம் இன்னொன்று: மொபைல் நீட்சி (கைப்பேசிக்கென்று கூடுதலாக நிறுவும் துணை மென்பொருள்) போட்ட விக்கிகளில் நீண்ட காலமாகக் காமன்.சிஎஸ்எஸ் கைப்பேசித் தோற்றத்துக்குப் போகாமலே இருந்தது. கணினியில் அழகாகச் சுழலும் பெட்டி, கைப்பேசியில் ஏழு சொற்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக நிற்கும். எங்கள் வாசகர்கள் முக்கால்வாசி கைப்பேசியில்தான்.

அதனால் மூன்றாவது இடம். டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ் என்ற நீட்சி. இதை நிறுவினால் ஒவ்வொரு வார்ப்புருவுக்கும் (ஒருமுறை எழுதிப் பல பக்கங்களில் செருகிக்கொள்ளும் துண்டு) அதற்கென்று ஒரு ஸ்டைல்ஷீட் வைத்துக்கொள்ளலாம். வார்ப்புரு பெயர்வெளியில், ஆங்கில எழுத்தில் சிஎஸ்எஸ் என்று பெயர் முடியும்படி ஒரு துணைப்பக்கம் உருவாக்கினால் போதும். அது சாதாரணப் பக்கம் இல்லை, வடிகட்டப்பட்ட சிஎஸ்எஸ் என்று மென்பொருளே தெரிந்துகொள்ளும். வார்ப்புருவின் தலையில் ஒரு குறியைப் போட்டு அந்தத் துணைப்பக்கத்தைச் சுட்டிவிட்டால், வார்ப்புரு எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே மட்டும் ஸ்டைல் வரும். ஒரே பக்கத்தில் வார்ப்புருவைப் பத்து முறை போட்டாலும் ஸ்டைல் ஒரு முறைதான் இறங்கும். கைப்பேசியிலும் வரும்.

இதைத் திருத்தத் தனி உரிமை வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வார்ப்புருவைத் திருத்தக்கூடிய யாரும் இதையும் திருத்தலாம். அப்படித் திறந்துவிட முடிவதற்குக் காரணம் அந்த வடிகட்டிதான். நீங்கள் எழுதும் ஒவ்வொரு தேர்விக்கு (விதி எதன்மேல் செல்லும் என்று சொல்லும் பகுதி) முன்னாலும் அது கட்டுரைப் பகுதியைக் குறிக்கும் ஒரு வகுப்பை, அதாவது அடையாளப் பெயரை, சேர்த்துவிடுகிறது. ஆக, யார் என்ன எழுதினாலும் பக்கப்பட்டியையோ இலச்சினையையோ தொட முடியாது. சேதம் கட்டுரைப் பகுதியோடு நிற்கும். வேறு தளத்திலிருந்து இன்னொரு ஸ்டைல்ஷீட்டை இழுத்து வரவும் விடாது. தெரியாத பண்பையோ தப்பான மதிப்பையோ எழுதினால் பக்கத்தைச் சேமிக்கவே விடாமல், எத்தனையாவது வரி, எத்தனையாவது எழுத்து என்று சொல்லித் திருப்பி அனுப்பும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். போகப்போக, புதிதாகக் கற்றுக்கொள்கிற ஒருவருக்கு இதைவிடப் பொறுமையான வாத்தியார் கிடைக்காது என்று தோன்றும்.

வகுப்புகளுக்குப் பெயர் தமிழிலேயே வைக்கலாம், சிஎஸ்எஸ் ஏற்றுக்கொள்ளும். நாங்கள் சுழல்-பெட்டி, சுழல்-சொல் என்று வைத்திருக்கிறோம். விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்ட வேண்டியிருக்கிறது என்று இளைஞர்கள் முணுமுணுப்பார்கள். ஆங்கிலம் பழகாத ஒருவர் துணைப்பக்கத்தைத் திறந்தால் எந்த விதி எதைக் குறிக்கிறது என்று கொஞ்சமாவது பிடிபட வேண்டும் என்பது என் கட்சி.

சரி, சுழற்சிக்கு வருவோம்.

ஏழு சொற்கள், ஒவ்வொன்றும் 8 விநாடி என்றால் மொத்தச் சுற்று 56 விநாடி. ஏழு சொற்களுக்கும் ஒரே அனிமேஷன், ஒரே கால அளவு. தொடக்கத் தாமதம் மட்டும் 0, 8, 16, 24 என்று ஏறிக்கொண்டே போகும். கீஃப்ரேம்ஸில் சுற்றின் முதல் ஏழில் ஒரு பங்கு, அதாவது 14.28 சதவீதம் வரை, சொல் தெரியும். மிச்ச நேரம் மறைந்திருக்கும். தாமதத்தையும் மொத்தக் காலத்தையும் வார்ப்புருவே கணக்குப் போட்டு ஸ்டைல் பண்பில் எழுதிவிடும். அதற்குக் கணக்குப் போடும் பார்சர் ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் அந்தச் சதவீதத்தை மட்டும் கணக்குப் போட வைக்க முடியாது. டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ் பக்கம் வார்ப்புருவிடமிருந்து எந்த மதிப்பையும் வாங்கிக்கொள்ளாது. கீஃப்ரேம்ஸின் சதவீதத்தில் மாறியை வைக்கச் சிஎஸ்எஸ்ஸிலேயே வழியில்லை. ஆக, யாராவது ஆர்வத்தில் எட்டாவது சொல்லைச் சேர்த்துவிட்டால், பங்கு 12.5 ஆக வேண்டியது 14.28 ஆகவே இருந்து, ஒரு சொல் போவதற்குள் அடுத்தது மேலேறி இரண்டும் கொஞ்ச நேரம் பின்னிக்கொண்டு நிற்கும்.

நாங்கள் கண்ட வழி கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான். மூன்று முதல் பத்து வரை ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு கீஃப்ரேம்ஸ் எழுதி வைத்துவிட்டோம். வார்ப்புரு எத்தனை சொல் வந்திருக்கிறது என்று எண்ணி, அதற்கான வகுப்பைப் போட்டுக்கொள்ளும். நிரலாளர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எட்டுத் தொகுப்பையும் கையால் எழுதியிருப்பதால், திறந்து பார்க்கிற யாருக்கும் புரிகிறது.

இதைவிடத் தொல்லை கொடுத்தது உயரம். இணையத்தில் கிடைக்கும் சுழல் எழுத்து மாதிரிகள் எல்லாம், சொற்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்க, அவற்றைப் பக்க ஓட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டுப் பெட்டிக்கு ஒரு நிலையான உயரம் கொடுக்கும். ஒற்றை வரி ஆங்கிலச் சொல்லுக்கு அது நடக்கும். நம் ஆள் "நாற்றங்கால்" என்று எழுதி, பக்கத்தில் "நடவுக்கு முன் விதைநெல்லைப் பாவி நாற்று வளர்க்கும் நிலத்துண்டு" என்று பொருள் எழுதுவார். கணினியில் ஒரு வரி. கைப்பேசியில் மூன்று வரி. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு ஐந்து. நிலையான உயரத்தில் கடைசி வரி பாதியோடு வெட்டுப்படும். பூ, ளூ, ஞ என்று அடியில் தொங்கும் எழுத்துகள் முதலில் போகும். ஸ்லாட் மெஷின் மாதிரி சொற்கள் கீழிருந்து உருண்டு மேலேறும் பாணிக்கும் இதே வியாதி. அது ஒவ்வொரு சொல்லும் ஒரே வரி உயரம் என்று நம்பித்தான் உருள்கிறது.

இதற்குக் கிரிட் என்ற கட்ட அமைப்பு நன்றாக வேலை செய்கிறது. பெட்டியை ஒரே ஒரு கட்டம் உள்ள கிரிட் ஆக்கி, எல்லாச் சொற்களையும் அந்த முதல் கட்டத்திலேயே உட்கார வைத்தால், ஒன்றின்மேல் ஒன்றாக அமரும். பெட்டியின் உயரம் அவற்றில் பெரியது எதுவோ அதற்குத் தக்கபடி தானாக வரும். எந்த எண்ணையும் நாம் எழுத வேண்டியதில்லை. சொல் மாறும்போது கீழே இருக்கும் பத்திகள் துள்ளுவதும் இல்லை.

ஒளிபுகாமையை மட்டும் சுழியாக்கி மறைத்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். கண்ணுக்குத் தெரியாத சொல்லும் அங்கேயேதான் இருக்கிறது. மேலே அடுக்கில் இருப்பது கடைசிச் சொல். வாசகர் "மடை" என்று பார்த்துத் தட்டினால் "பதர்" பக்கம் திறக்கும். திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கோ ஏழும் ஒரே மூச்சில் ஒலிக்கும். ஒளிபுகாமையோடு விசிபிலிட்டி பண்பையும் சேர்த்து மாற்றினால் மறைந்திருப்பது உண்மையாகவே மறைந்திருக்கும். இந்த ஒரு வரி இல்லாத மாதிரிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இதற்கு நடுவில் குழுவில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, சொல் மொத்தமாக வராமல் எழுத்தெழுத்தாகச் சுழன்று வந்தால் நன்றாக இருக்கும் என்று கிளம்பினாள். விக்கியில் லுவா மொழியில் சின்ன நிரல்கள் எழுத ஒரு நீட்சி உண்டு. அதில் சொல்லை எழுத்தெழுத்தாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனி ஸ்பானில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாமதம் கொடுப்பது திட்டம். அந்த நிரலின் சரச் செயல்பாடுகள் யூனிகோடு குறிகளைத்தான் எண்ணும். "வரப்பு" நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஆறு. "கொல்லை" நமக்கு மூன்று, அதற்கு ஆறு. "நாற்றங்கால்" நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. திரையில் புள்ளிவட்டத்தோடு தனியாக ஒரு கால், தனியாக ஒரு புள்ளி என்று உதிரி உறுப்புகள் சுழன்று வந்தன. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், நாங்களும்தான்.

அவள் விட்டுவிடவில்லை. ஓர் எழுத்துக்குப் பின்னால் துணைக்காலோ கொம்போ புள்ளியோ வந்தால் அதை முன்னெழுத்தோடு சேர்த்து ஒரே துண்டாக்கும்படி மாற்றினாள். ஆய்தம் தனியாக நிற்கும் எழுத்து, அது சிக்கல் இல்லை. மிஞ்சியது "க்ஷ", "ஸ்ரீ" இரண்டும். இந்த முறையில் அவை க், ஷ என்றும், ஸ், ரீ என்றும் பிரிந்துவிடும். யூனிகோடு விதிப்படியே அவை இரண்டிரண்டு துண்டுகள்தான், ஆகவே உலாவிகளில் எழுத்துப் பிரிக்க இருக்கும் வசதியை நம்பினாலும் இதே கதி. எங்களுடைய வயல்வெளிச் சொற்களில் இவை வராது என்பதால் தப்பித்தோம். ஆள் பெயர் போடுகிற விக்கி என்றால் தனியாகக் கவனிக்க வேண்டும்.

தட்டச்சு செய்வது போல எழுத்து விழும் பாணியையும் பார்த்தாள். அது ஒரு திரையை இடமிருந்து வலமாகப் படிப்படியாக விலக்கும் தந்திரம். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்ற நம்பிக்கையில் ஓடுவது. "கொல்லை" விலகும்போது முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க. அந்தக் கணத்தில் திரையில் இருப்பது "கெ". அப்புறம்தான் கால் வந்து சேர்ந்து "கொ" ஆகும். அரை விநாடிக்குத்தான் என்றாலும், சொற்களுக்காகவே நடத்துகிற விக்கியில் சொல்லைத் தப்பாகக் காட்டி ஆரம்பிப்பது எனக்கு ஒப்பவில்லை. வட்டமாகச் சுற்றி எழுத்துகளை அடுக்கும் பாணியும் வந்து போனது. ஆறு எழுத்தென்றால் 60 பாகைக்கு ஒன்று; ஆனால் "ர" மெலிந்தது, "ண" அகன்றது, "கௌ" அதைவிட அகன்றது. சம இடைவெளியில் வைத்தால் ஒரு பக்கம் நெருக்கடி, இன்னொரு பக்கம் காலி.

எழுத்தெழுத்தாக வேண்டாம், சொல் மொத்தமாக மெதுவாகத் தோன்றி மறையட்டும் என்று முடிவானது. அதை வெளியிட்டோம். அப்புறம்தான் ஐயா கூப்பிட்டார்.

ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் விக்கியில் அதிகம் எழுதுகிறவர் அவர்தான். கண்ணில் புரை எடுத்தவர், கைப்பேசியில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருப்பார்.

"தம்பி, அந்தப் பொட்டிக்குள்ள ஓடுதே, அத நிறுத்தி வெக்க ஏதாவது இருக்கா? ரெண்டாவது வரிக்குப் போறதுக்குள்ள அடுத்தது வந்துருது."

"விரல வெச்சா நிக்கும் ஐயா."

"விரல வெச்சா விரல்தானப்பா தெரியுது."

கணினியில் சுட்டியை மேலே வைத்தால் அனிமேஷன் நிற்கும்படி ஒரு விதி வைத்திருந்தோம். விசைப்பலகையால் இணைப்புக்கு வந்தாலும் நிற்கும். கைப்பேசியில் இரண்டும் இல்லை. தட்டினால் இணைப்பு திறந்து வேறு பக்கம் போய்விடும். உலக வலைச் சங்கமான டபிள்யூ3சி 2008-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகளிலேயே இதைப் பற்றி ஒரு விதி இருக்கிறது: தானாக ஆரம்பித்து, 5 விநாடிக்கு மேல், மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஓடுகிற எதையும் நிறுத்தவோ மறைக்கவோ வாசகருக்கு ஒரு வழி இருக்க வேண்டும். நிறுத்து என்று ஒரு பொத்தான் வைத்தால் போதும். ஆனால் விக்கி உரையில் பொத்தானோ தேர்வுக் கட்டமோ போட முடியாது, மீடியாவிக்கி அந்தக் குறிகளை ஏற்காது. பொத்தான் வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் மறுபடியும் அந்தத் தளம் முழுக்கப் போகும் பக்கம், அந்த ஒரே ஆள், அதாவது நான்.

அசைவைக் குறைக்கும்படி கைப்பேசியில் ஒருவர் அமைத்திருந்தால் அதைக் கண்டுகொள்ளும் மீடியா விதி ஒன்று உண்டு. சஃபாரியில் 2017-இலும் குரோமில் 2019-இலும் வந்தது. தலைசுற்றல், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அசையும் திரை உண்மையாகவே உடம்புக்கு ஆகாது. ஆகையால் அந்த விதியை யாரும் விடக்கூடாது. அது இருந்தால் எங்கள் பெட்டி சுழலாமல் ஏழு சொற்களையும் வரிசையாகக் காட்டும். அச்சுக்குப் போகும்போதும் அப்படியே. ஆனால் ஐயாவிடம் போய் அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் நுழைந்து அதை மாற்றுங்கள் என்று சொல்வது என்ன நியாயம்? அவர் கேட்டது ஒரு சொல்லை நிதானமாகப் படிக்க.

8 விநாடியை 15 ஆக்கலாம். அப்படி ஆக்கினால் இளைஞர்கள் யாரும் இரண்டாவது சொல்லைப் பார்க்கவே போவதில்லை; அதற்குள் கீழே உருட்டிப் போய்விடுவார்கள். அசைவு வைத்தால் யாரோ ஒருவருக்கு அது வேகம், இன்னொருவருக்கு அது மெதுவு. ஒரு வேகத்தை நாம் எல்லாருக்கும் முடிவுசெய்து தருவதே எனக்குச் சரியாகப் படவில்லை. அரசு அலுவலகத் தளங்களின் தலையில் ஓடும் அறிவிப்பு வரியை யாராவது முழுதாகப் படித்திருக்கிறீர்களா?

ஆகையால் முதற் பக்கத்தில் சுழற்சியை நாளுக்கு மாற்றினோம். ஒரு நாளைக்கு ஒரு சொல். அன்று முழுக்க அது அசையாமல் நிற்கும். இதற்கு ஸ்டைல்ஷீட்டில் அனிமேஷனே வேண்டாம். இன்று வாரத்தின் எத்தனையாவது நாள் என்று 0 முதல் 6 வரை எண்ணாகத் தரும் மாறி மீடியாவிக்கியிலேயே இருக்கிறது. அதை ஒரு சுவிட்ச் வார்ப்புருவில் கொடுத்தால் ஏழு நாளைக்கு ஏழு சொல். யார் வேண்டுமானாலும் திறந்து அந்த ஏழு வரியை மாற்றலாம்.

இதிலும் இரண்டு நுணுக்கம் உண்டு. கரண்ட் என்று தொடங்கும் மாறிகள் உலகப் பொதுநேரத்தில் ஓடுபவை. நமக்கு நாள் மாறுவது காலை 5:30 மணிக்கு. விடியற்காலையில் எழுந்து பார்க்கும் ஐயா மாதிரி ஆட்களுக்கு நேற்றைய சொல்தான் நிற்கும். லோக்கல் என்று தொடங்கும் மாறிகளைப் போட்டு, விக்கியின் அமைப்புக் கோப்பில் நேரமண்டலத்தைக் கொல்கத்தா என்று வைத்தால் நள்ளிரவில் மாறும். இரண்டாவது, மீடியாவிக்கி ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை தயாரித்துச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். நாள் மாறியைப் பயன்படுத்தும் பக்கத்துக்கு அந்தச் சேமிப்புக் காலம் தானாகவே குறைந்துவிடுகிறது. ஆனாலும் சர்வருக்கு முன்னால் வேறு இடைச்சேமிப்பு வைத்திருந்தால் அது பழையதையே காட்டிக்கொண்டிருக்கலாம். காலையில் சொல் மாறவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் அங்கே பாருங்கள்.

ஏழு போதவில்லை, ஐம்பது வேண்டும் என்றால் வாரநாளை விட்டுவிட்டு ஆண்டின் நாளை எடுக்கத் தோன்றும். டிசம்பர் 31-க்கு அடுத்த நாள் எண்ணிக்கை சுழியிலிருந்து ஆரம்பிப்பதால், வரிசையின் முதல் சில சொற்கள் மட்டும் அடிக்கடி வரும். 1970-இலிருந்து ஓடும் விநாடிக் கணக்கை எடுத்து ஒரு நாளின் விநாடிகளான 86400-ஆல் வகுத்து, பின்னத்தை வெட்டி, ஐம்பதால் வகுத்த மீதியைப் பார்ப்பது நல்லது. அந்த எண்ணுக்கு ஆண்டு முடிவு தெரியாது. இதுவும் பொதுநேரக் கணக்குதான், நமக்கு வேண்டுமென்றால் வகுப்பதற்கு முன் ஐந்தரை மணி நேரத்துக்கான 19800 விநாடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அனிமேஷன் வீணாகவில்லை. ஊர் நூலகத்தில் ஒரு கண்காட்சிக்கு எங்கள் விக்கியைச் சுவர்த் தொலைக்காட்சியில் காட்டச் சொன்னார்கள். அங்கே யாரும் தட்டப் போவதில்லை, நின்று பார்த்துவிட்டு நகர்வார்கள். அதற்கென்று தனிப் பக்கம் ஒன்று போட்டு, அதே வார்ப்புருவைச் சொல்லுக்கு 12 விநாடி வீதம் ஓடவிட்டோம். பெரிய எழுத்து, கறுப்புப் பின்னணி. வரிகளுக்கு இடையில் தாராளமாக இடம் விட்டோம். எட்டுத் தொகுப்பு கீஃப்ரேம்ஸும் அன்றைக்குத்தான் பயன்பட்டன. நூலகத்தில் இருந்த ஒருவர் தன் கையாலேயே மூன்று சொற்களைச் சேர்த்தார், எதுவும் உடையவில்லை.

சுழற்சி பற்றிப் பேசும்போது இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன்: எழுத்தையே சாய்த்து வைப்பது. எங்களிடம் முகத்தலளவை அட்டவணை ஒன்று உண்டு. 8 படி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம் என்பது பொது வாய்பாடு. குறுணியைத்தான் மரக்கால் என்கிறோம். ஆனால் மரக்காலுக்கு எத்தனை படி என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. எனவே ஊர்வாரியாக அட்டவணை போட்டார்கள், ஊர்களைத் தலைப்பாக வைத்து. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மன்னார்குடி, வேதாரண்யம் என்று தலைப்புகள் வரிசைகட்டினால் கைப்பேசித் திரை எங்கே போகும்?

தலைப்பைச் செங்குத்தாகத் திருப்பலாம் என்றார்கள். டிரான்ஸ்ஃபார்ம் பண்பால் 90 பாகை திருப்பினால் கண்ணுக்குத்தான் திரும்பும். உலாவி அந்தச் சொல்லுக்குப் பழைய அகலத்தையே ஒதுக்கி வைத்திருக்கும். நெடுவரிசை குறுகாது, தலைப்பு பக்கத்துத் தலைப்பின்மேல் போய்ப் படுக்கும். எழுத்தோட்டத்தையே மாற்றும் ரைட்டிங்-மோட் பண்பைத்தான் போட வேண்டும், அதுவும் கட்டத்தின்மேல் போடாமல் உள்ளே ஒரு டிவ் வைத்து அதன்மேல் போடுவது பாதுகாப்பு. அது மேலிருந்து கீழாக ஓடும். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டுமென்றால் அதோடு 180 பாகைத் திருப்பம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நேராகவே அப்படி எழுதும் மதிப்பு ஃபயர்ஃபாக்ஸில் 2015 முதலே இருக்கிறது, குரோமில் 2025-இல்தான் வந்தது. பழைய கைப்பேசிகளை நினைத்து நாங்கள் 180 பாகையோடு நிறுத்திக்கொண்டோம்.

ஐயாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. கழுத்தைச் சாய்க்க வேண்டியிருக்கிறதாம். கடைப் பலகையில் எழுதுவது போல எழுத்தை நேராக வைத்து ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கச் சொன்னார். அதற்கும் பண்பு இருக்கிறது. உயிர்மெய்யை உடைக்காமல் அடுக்குகிறது. "திருத்துறைப்பூண்டி" ஒன்பது எழுத்து உயரத்துக்கு எழுந்து நின்றது. தலைப்பைத் தாண்டிக் கணக்குக்கு வரவே திரையை ஒருமுறை உருட்ட வேண்டியிருந்தது.

கடைசியில் அந்தக் கல்லூரிப் பெண் அட்டவணையையே திருப்பிப் போட்டாள்: ஊர்கள் இடப்பக்கம் வரிசையாக, படியும் குறுணியும் பதக்கும் தூணியும் கலமும் மேலே தலைப்பாக. தலைப்பு ஐந்தும் சின்னச் சொற்கள், எதையும் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. செங்குத்துத் தலைப்புக்கு எழுதிய அந்த ஸ்டைல்ஷீட் துணைப்பக்கம் அப்படியே இருக்கிறது. இப்போது அதை நெல் ரகங்களின் அட்டவணையில் யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.